கூத்து ஜமாவோடு ஊர் ஊராக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் ஆடிவரும் ஒரு சிறிய தெருக்கூத்து ஜமாவின் (கூத்துக் குழுவின்) சார்பில் இந்தப் பதில்களை எழுதுகிறேன். நான் இந்த ஜமாவில் பின்பாட்டுப் பாடுபவன். ஊர்க்காரர்களோடு பேசி நாள் குறிப்பதும் வரவு செலவு எழுதுவதும் என் பொறுப்பு. கூத்து வைக்க நினைக்கும் ஊர்ப் பெரியவர்களும், ஆய்வுக்காக வரும் கல்லூரி மாணவர்களும், வேஷம் கட்ட ஆசைப்படும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மற்ற ஜமாக்களில் வழக்கம் கொஞ்சம் வேறுபடும்.

ஒரு ஜமாவில் எத்தனை பேர் இருப்பார்கள்?

15 பேர் இருந்தால் இரவு நிறைவாகப் போகும்; ஆள் குறைந்த நாளில் 12 பேரை வைத்தும் ஆடிவிடலாம். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை என்னும் சிறு ஊதுகுழல், தாளம் என்று மேளக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால், மீதமுள்ள எட்டு ஒன்பது பேர்தான் பாரதத்தின் அத்தனை பாத்திரங்களையும் தாங்க வேண்டும். அதனால் முன்னிரவில் தோழியாக வந்தவர் பின்னிரவில் கிருஷ்ணனாக வருவதும், வேஷம் இல்லாத நேரத்தில் பின்பாட்டில் வந்து நிற்பதும் வழக்கம். யாருக்கு எந்த வேஷம் என்பதை முடிவு செய்பவர் வாத்தியார். கட்டியங்காரனுக்கு மட்டும் இரவு முழுவதும் ஓய்வே கிடையாது. கதையைத் தொடங்கி வைப்பது, அரசனிடம் பேச்சுக் கொடுப்பது, தூங்குகிறவர்களை எழுப்புவது, அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்வது என எல்லாம் அவர் தலையில்தான் விழும். இப்போது கிடைப்பதற்கு மிகவும் அரியவர் முகவீணைக்காரர். ஒருவரை இரண்டு மூன்று ஜமாக்கள் பங்கிட்டுக்கொள்ளும் நிலை இருக்கிறது.

எந்த மாதங்களில் பயணம்?

பங்குனியில் நெருக்கம் தொடங்கி ஆடி முடியும் வரை நீடிக்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பதும் (மகாபாரதக் கதையைப் பல நாள் சொல்லி ஆடுவது), மாரியம்மன் கோயில்களில் ஆடித் திருவிழா நடப்பதும் இந்த மாதங்களில்தான். ஆவணி, புரட்டாசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டமே இருக்காது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது நாங்கள் நாள் குறித்து முடித்து, பெட்டியைத் தயார் செய்து வைத்திருந்த நேரம். அந்த ஆண்டின் திருவிழாக்கள் நின்றன. அடுத்த ஆண்டும் சித்திரையில் மீண்டும் அடைப்பு வந்தது. ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி நான்கைந்து மாதங்களுக்குள் வந்துவிட வேண்டிய தொழிலில், இரண்டு பருவம் அடுத்தடுத்துப் போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். நல்ல வேஷக்காரர்கள் சிலர் அப்போது கட்டட வேலைக்குச் சென்றவர்கள், இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரு ஊரோடு எப்படிப் பேசி முடிக்கிறீர்கள்?

ஊரின் சார்பில் இரண்டு மூன்று பேர் வாத்தியாரின் வீட்டுக்கு வருவார்கள். எந்த இரவு, எந்தக் கதை, எவ்வளவு தொகை என்று பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுப்பார்கள். தாம்பூலம் வாங்கிய பிறகு, அதே நாளுக்கு வேறு ஊர் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னாலும் மாற்றக் கூடாது. இப்போது தொலைபேசியிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடுகிறது, முன்பணமும் கைபேசி வழியே வந்துவிடுகிறது. ஆனாலும் தாம்பூலத்துக்கு நேரில் வரச் சொல்லி வாத்தியார் வற்புறுத்துவார். நேரில் பேசும்போதுதான், அந்த ஊரில் எந்த வேஷத்துக்கு என்ன எதிர்பார்ப்பு, போன ஆண்டு வந்த ஜமாவிடம் என்ன குறை கண்டார்கள், கூத்து நடக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் தெரியவரும். அந்தச் சந்திப்பைத் தவிர்த்த ஊர்களில்தான் பிறகு மனத்தாங்கல் வருகிறது என்பது என் அனுபவம்.

எதில் போகிறீர்கள்? எதையெல்லாம் எடுத்துச் செல்கிறீர்கள்?

என் தாத்தா காலத்தில் மாட்டு வண்டி; வண்டி போகாத ஊருக்குப் பெட்டியைத் தலையில் சுமந்து நடை. பின்னர் பேருந்தின் கூரையில் பெட்டியை ஏற்றிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது பெட்டிக்கு ஒரு டாடா ஏஸ், ஆட்களுக்கு ஒரு வேன், அல்லது இரு சக்கர வண்டிகள்.

பெட்டி என்று நாங்கள் சொல்வது கட்டைச் சாமான்களும் உடுப்புகளும் உள்ள பெட்டியை. கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய கட்டைச் சாமான்களைக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிச் செய்வார்கள். எடை குறைந்த மரம் என்றாலும், தோளிலும் தலையிலும் மார்பிலும் இவற்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பல மணி நேரம் பாடி ஆட வேண்டும் என்பதால், எடை குறைவு என்ற சொல்லுக்கு விடியற்காலையில் பொருள் இருப்பதில்லை. ஈரம் பட்டால் கண்ணாடி உதிரும்; அழுத்தி அடுக்கினால் மரம் விரியும். ஆகவே பெட்டியை அடுக்குபவர் எப்போதும் ஒருவராகவே இருப்பார். அவர் வராத நாளில் மட்டுமே வேறொருவர் தொடலாம்.

ஒரு விதியை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரவு ஆடியவர் காலையில் வண்டி ஓட்டக் கூடாது. தனியே ஓட்டுநர் வைத்தால் செலவுதான். ஆனாலும் தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையில் போவதால் வரும் ஆபத்தைப் பார்த்த எவரும் அந்தச் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததிலிருந்து விடியும் வரை என்ன நடக்கிறது?

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்வோம். பள்ளிக்கூடத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, கீற்றுக் கொட்டகையோ ஏதாவது ஒன்றை ஒதுக்கிக் கொடுப்பார்கள். எட்டு மணி வாக்கில் சாப்பாடு. அதன் பிறகு பாய் விரித்து, பெட்டிக்குக் கற்பூரம் காட்டித் திறந்தால், அடுத்த இரண்டு மணி நேரம் பேச்சு குறைந்துவிடும். ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தாமே எழுத வேண்டும். தேங்காய் எண்ணெயைத் தடவி, துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்று அந்தந்த வேஷத்துக்குரிய நிறத்தைப் பூசி, மீசை, புருவம், நெற்றிக் கோடு, வெள்ளைப் புள்ளிகள் என்று ஒவ்வொன்றாக ஏறும். புதிதாக வந்த பையன் இந்த நேரத்தில் மூத்தவரின் அருகில் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பான். முகம் எழுதும் வேலை அப்படித்தான் கைக்கு வருகிறது. கடைசியாகக் கட்டை கட்டும்போது ஒருவர் முதுகில் முழங்காலை வைத்துக் கயிற்றை இழுப்பார். கட்டு தளர்ந்தால், கிறிக்கி என்னும் வேகமான சுழலாட்டம் சுற்றும்போது கிரீடம் சாயும்.

பத்து மணிக்கு மேளக்காரர்கள் களரி கட்டுவார்கள், அதாவது ஆட்டத்துக்கு முன் மேளமும் தாளமும் முழங்குவார்கள். அந்த ஓசை கேட்டுத்தான் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பாயும் போர்வையுமாக ஆட்கள் வந்து சேர்வார்கள். விநாயகர் துதி, கட்டியங்காரன் வரவு, அடுத்து முதல் பெரிய வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். இரண்டு பேர் பிடிக்கும் அந்தத் துணிக்குப் பின்னால் அரசன் பாடிக்கொண்டே தன் கிரீடத்தை மட்டும் காட்டி, காலை மட்டும் காட்டி, கடைசியில் திரை விலகும்போது எழும் சத்தம் ஒன்று உண்டு. அதற்காகவே வேஷம் கட்டுகிறேன் என்று சொன்ன மூத்தவர்களை நான் அறிவேன்.

இரவில் கடினமான பகுதி இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. குழந்தைகள் தூங்கிவிட்டிருக்கும், பெரியவர்கள் தலை சாய்ப்பார்கள், ஆடுகிறவர்களின் குரலும் அந்த நேரத்தில்தான் இறங்கும். அனுபவமுள்ள வாத்தியார் அந்த இரண்டு மணி நேரத்துக்கென்றே வலுவான தர்க்கக் காட்சியையோ, கட்டியங்காரனின் நகைச்சுவையையோ வைத்திருப்பார். தூங்கியவர்கள் எழுந்து உட்காரும் விடியற்காலைக்குத்தான் கதையின் உச்சம் காத்திருக்கும். கர்ணன் விழுவதும், துச்சாதனன் வதமும், திரௌபதியின் சபதமும் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். கூத்தின் கட்டுமானமே அந்த நேரத்தை நோக்கித்தான் போகிறது. எங்கள் உணவு, தூக்கம், குரல், கூலி எல்லாமே அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் முழு வலுவோடு நிற்பதற்காக அமைத்துக்கொண்டவை. கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே காரணம்.

மங்களம் பாடி முடித்ததும் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து முகத்தைத் துடைப்போம். அரிதாரம் காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் இரண்டு மூன்று நாள் இருக்கும். பருவம் முழுவதும் அது போகாது என்றே சொல்லலாம்.

பாரதக் கூத்து என்றால் பல நாள் ஒரே ஊரில் தங்குவீர்கள் அல்லவா? அது எப்படி இருக்கும்?

பருவத்திலேயே மனத்துக்கு நிறைவான நாள்கள் அவை. ஊரின் வசதிக்கு ஏற்பப் பத்து இரவும் ஆடுவோம், அதற்கு மேலும் ஆடுவோம். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அவர் சொன்ன பகுதியை அன்று இரவு நாங்கள் ஆட வேண்டும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நகர நகர, ஊரும் அதோடு சேர்ந்து நகரும். பகடை துகில் இரவில் திரௌபதி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். துகில் உரியும் காட்சிக்கு முன் துச்சாதனன் வேஷக்காரர் அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்வதும் உண்டு. சிலருக்கு அருள் வரும். அப்போது ஆட்டத்தை நிறுத்தி, அருள் இறங்கும் வரை காத்திருப்போம்.

அர்ச்சுனன் தபசு பகலிலும் நடக்கும். நட்டு வைத்த உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் வீசுவார். குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். முந்தின இரவு தூங்காத உடம்போடு வெயிலில் அந்த உயரத்துக்கு ஏறிப் பாடுவது எல்லோராலும் ஆகிற காரியம் அன்று. அந்த வேஷக்காரருக்கு முந்தின இரவு சிறு வேஷமே கொடுப்போம்.

கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனனின் மிகப் பெரிய உருவத்தைத் தரையில் படுத்த நிலையில் ஊரார் செய்து வைத்திருப்பார்கள். பதினெட்டாம் போர் ஆடி முடித்த பீமனும் துரியோதனனும் கட்டையை அவிழ்க்காமலே காலையில் அங்கே வந்து, அந்த உருவத்தைச் சுற்றியும் அதன் மேலும் ஓடிச் சண்டையிடுவார்கள். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். மாலையில் தீமிதி. அந்தக் காலைப் பொழுதில் துரியோதனன் வேஷக்காரர் இருபது மணி நேரத்துக்கும் மேலாக விழித்திருப்பவர். அவரைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆட்களை நிறுத்துவது எங்கள் வழக்கம்.

இத்தனை நாள் தங்கும்போது டீக்கடைக்காரர் முதல் குளத்தங்கரைப் பிள்ளைகள் வரை எல்லோரும் பழகிவிடுவார்கள். எங்கள் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "கர்ணன் அண்ணே, இன்னும் தூங்கலையா?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள்.

எப்போதுதான் தூங்குவீர்கள்?

காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை, இடம் கிடைத்தால். திருவிழா ஊரில் பகலில் ஒலிபெருக்கி நிற்காது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தால் காலையில் வகுப்புக்கு இடம் விட வேண்டும். தொடர்ந்து பல இரவு ஆடும் வாரங்களில் தூக்கக் குறைவுதான் எங்கள் முதல் நோய். வயிற்றுப் புண்ணும் இரத்த அழுத்தமும் அதன் பின்னால் வருகின்றன. விழித்திருப்பதற்காகவும் உடல் வலி தெரியாமல் இருப்பதற்காகவும் குடிக்கப் பழகி, தொழிலையும் குடும்பத்தையும் இழந்த நல்ல கலைஞர்கள் பலர். எங்கள் ஜமாவில் குடித்துவிட்டு வந்தால் அன்று வேஷம் இல்லை என்பதை வாத்தியார் தம் தம்பிக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சாப்பாடும் குரல் பராமரிப்பும்?

ஊர் போடும் சாப்பாடுதான். இரவில் அரை வயிறு. வெண்ணெய், தயிர், குளிர்ந்த பானம் ஆகியவற்றைப் பாடுகிறவர்கள் தொடுவதில்லை. நள்ளிரவில் ஒரு முறை சூடாகத் தேநீர் கிடைத்தால் பெரிய உதவி. மிளகும் பனங்கற்கண்டும் எல்லோர் பையிலும் இருக்கும். ஒலிவாங்கி வந்த பிறகு தொண்டைக்குச் சுமை குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒலிவாங்கி சரியாக வைக்கப்படாத இடத்தில் மேளத்தின் ஓசைக்கு மேல் பாடக் கத்த வேண்டியிருப்பதால் சுமை கூடத்தான் செய்கிறது.

வரும் பணத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

பேசிய தொகையில் முதலில் வண்டி வாடகை போகும். அடுத்து பெட்டிக்கு ஒரு பங்கு. கட்டைச் சாமான்களையும் உடுப்பையும் வாங்கிப் பழுது பார்ப்பவருக்கு அது சேரும். மீதியை ஆளுக்குத் தக்கபடி முழுப் பங்கு, முக்கால், அரை என்று பிரிக்கிறோம். பெரிய வேஷக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் முழுப் பங்கு. கற்றுக்கொள்ளும் பையனுக்கு அரை. பார்வையாளர் கொடுக்கும் அன்பளிப்பைக் கொடுத்தவரின் பெயரோடு கட்டியங்காரன் அறிவிப்பார். எங்களிடம் அது பொதுவில் சேரும்.

பருவம் தொடங்குவதற்கு முன் வேஷக்காரர்களுக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மழை மாதங்களில் வீட்டுச் செலவுக்கு அது கைகொடுக்கும்; வாங்கியவர் அந்தப் பருவம் முழுவதும் அதே ஜமாவில் ஆட வேண்டும். அந்தப் பணத்தை ஜமாக்காரர் பெரும்பாலும் வெளியில் வட்டிக்கு வாங்கித்தான் தருகிறார் என்பது வெளியே தெரியாது. நல்ல பருவத்தில் இருவருக்கும் கணக்கு நேராகும். நாள் குறைந்த பருவத்தில் வேஷக்காரர் கடனோடு நிற்பார், ஜமாக்காரர் வட்டியோடு நிற்பார். இந்த முறைக்கு மாற்றாகக் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் கிடைத்தால் நல்லது என்று நான் நினைக்கிறேன்.

மழை மாதங்களில் எங்களில் சிலர் நெசவு, சிலர் விவசாயக் கூலி, சிலர் செங்கல் சூளை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குக் கல்வி, திருமணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. நலிந்த நிலையிலுள்ள மூத்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத நிதியுதவி உண்டு. கலைஞராக வேலை செய்யும் எவரும் வாரிய அட்டை வாங்காமல் இருக்கக் கூடாது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாங்கள் உதவுகிறோம்.

பெண்கள் ஜமாவில் வருகிறார்களா?

நெடுங்காலம் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். பல ஜமாக்களில் இன்றும் அப்படித்தான். திரௌபதியாகவும் கர்ணனின் மனைவி பொன்னுருவியாகவும் வாழ்நாள் முழுவதும் ஆடிய ஆண் கலைஞர்கள் உண்டாக்கிய நடையும் அழுகையும் பெரிய செல்வம். அதே வேளையில் பெண்களுக்கு இந்தக் கதவு அடைத்திருந்தது நியாயம் அன்று. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பி. ராஜகோபால் முதலானோர் 1990இல் அமைத்த கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சை அரசன்தாங்கலில் 2002இல் குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்போடு சேர்த்து ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துச் சொல்லிக்கொடுத்தது. பெண்கள் கிரீடம் கட்டி ஆண் வேஷத்தில் கிறிக்கி சுற்றியதைப் பார்த்த பிறகு, பெண்களின் உடம்பு தாங்காது என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடங்கிவிட்டது.

உண்மையான தடை பயணத்தில் இருக்கிறது. பூட்டக்கூடிய ஓர் அறையும் கழிப்பறையும் இல்லாத ஊருக்கு ஒரு பெண்ணை எந்த நம்பிக்கையில் அழைத்துச் செல்வது? தாம்பூலம் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுகிறோம். கேட்கத் தொடங்கிய பிறகு பல ஊர்கள் ஏற்பாடு செய்து தருகின்றன.

சாவு வீட்டுக்கு ஆடுவீர்களா?

ஆடுவோம். எங்கள் மாவட்டங்களில் கருமாதிக்கு முந்தின இரவு கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். கர்ணன் போருக்குப் புறப்படும்போது பொன்னுருவியோடு நடக்கும் பேச்சும், விழுந்து கிடக்கும் மகனை மடியில் போட்டுக் குந்தி அழும் ஒப்பாரியும் அந்த வீட்டுக்காரர்களின் துக்கத்தைத் தொடும். இறந்தவரின் பிள்ளைகள் முன் வரிசையில் அமர்ந்திருக்கும்போது குந்தி வேஷக்காரர் எந்தச் சொல்லையும் மிகைப்படுத்தாமல் பாட வேண்டும். திருவிழாக் கூத்தில் செய்யும் நகைச்சுவையில் பாதியைக் கட்டியங்காரன் இங்கே விட்டுவிடுவார். இது தாழ்ந்த ஆட்டம் என்று ஒதுக்கும் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூத்து ஒரு குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்படும் இரவு இதுவே.

ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைக்கிறதா?

இதுதான் இப்போது எல்லா ஜமாக்களுக்கும் உள்ள பெரிய இடையூறு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் மாநில அரசு ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். நாங்கள் தொடங்குவது பத்துக்கு, முடிப்பது ஆறுக்கு. நோயாளிகளும் படிக்கும் பிள்ளைகளும் உள்ள இடத்தில் இந்த விதி தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஊரே கூடிக் கேட்டு நடத்தும் ஒரு கலைக்கு விலக்குக் கேட்பதில் தவறு இல்லை என்றும் நம்புகிறேன். பங்குனி, சித்திரையில் தேர்தல் வந்தால் அனுமதி இன்னும் இறுகும்.

ஊரார் முன்கூட்டியே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புதலை வாங்கி வைக்க வேண்டும். நடுவில் நிறுத்தச் சொன்னால் நாங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு வெறும் குரலில் தொடர்வோம். கூட்டம் நெருங்கி வந்து உட்கார்ந்தால் அதுவும் நடக்கும். தீப்பந்த வெளிச்சத்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் ஆடிய முன்னோர்களுக்கு ஒலிவாங்கி ஏது?

மழை வந்தால்?

களரி கட்டுவதற்கு முன் வந்தால் வேறு நாள் குறிப்போம். தொடங்கிய பின் வந்தால் கட்டைச் சாமான்களை முதலில் காப்பாற்றுவோம். நின்றதும் விட்ட இடத்திலிருந்து ஆடுவோம்.

ஒத்திகை உண்டா? பாடங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களா?

ஒத்திகை என்று தனியே கிடையாது. விருத்தம், தரு, கந்தார்த்தம் ஆகிய பாட்டுப் பகுதிகள் வாத்தியாரின் நோட்டில் இருக்கும். ரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் வெளியிட்ட பழைய கூத்துப் புத்தகங்களும் சிலரிடம் உண்டு. வசனம் அன்றன்றைக்குப் பிறப்பது. எதிரில் நிற்பவர் கேள்வி கேட்டால் அதே இடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதால், பாரதக் கதையின் கிளைகள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சின்னப் பையன்கள் வேனில் பெரியவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார்கள். எங்களுக்குப் பாதிப் பயிற்சி வண்டியில்தான் நடக்கிறது.

இதைச் சுருக்கி ஒரு மணி நேரத்தில் நகரத்தில் ஆடலாமே?

ஆடுகிறோம். புரிசை ஊரின் தம்பிரான் குடும்பத்துக் கூத்துக் கலைஞர்கள் நகர மேடைகளிலும் வெளிநாடுகளிலும் ஆடிக் கூத்துக்குப் பெரிய மதிப்பைத் தேடித் தந்தார்கள். எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்கள் அந்தக் குடும்பத்தின் கண்ணப்ப தம்பிரானிடம் பயின்றதால் நவீன நாடகத்துக்கே புதிய உடல்மொழி கிடைத்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் திரை வரவும் கிறிக்கியும் ஒரு சண்டையும் காட்டலாம். கர்ணன் மேல் ஏற்படும் பரிவை உண்டாக்க முடியாது. பத்து மணிக்குப் பார்த்த மனிதன் ஐந்து மணிக்கு விழுவதைப் பார்ப்பவரும் தூங்காமல் அவனோடு இருந்திருக்க வேண்டும். ஆகவே நகரத்து அன்பர்களிடம் நான் கேட்பது, ஒரு முறையாவது எங்கள் பக்கத்து ஊருக்கு வந்து முழு இரவும் உட்காருங்கள் என்பதே.

வீடியோ எடுக்கலாமா?

எடுக்கலாம். முழு இரவுப் பதிவுகள் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கின்றன. அருள் வந்தவர்களையும் உடை மாற்றும் இடத்தையும் எடுக்கக் கூடாது. ஆடுபவரின் கண்ணில் விளக்கடிக்க வேண்டாம்.

நான் ஜமாவில் சேர முடியுமா?

பள்ளியில் படிப்பவராக இருந்தால் விடுமுறையில் வாருங்கள். படிப்பை நிறுத்திவிட்டு வருவதை நாங்கள் ஏற்பதில்லை. முதல் பருவத்தில் திரை பிடிப்பது, தாளம் போடுவது, பெட்டி தூக்குவது, கண்ணாடி பிடிப்பது. இரண்டாவது பருவத்தில் சேவகன், தோழி போன்ற சிறு வேஷங்கள். கிரீட வேஷம் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் சாதி என்ன என்று நாங்கள் கேட்க மாட்டோம். எங்கள் ஜமாவில் பல சமூகத்தார் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எங்களில் சிலருக்கு மட்டும் வேறு இடத்தில் இலை போட நினைக்கும் ஊருக்கு நாங்கள் மறுமுறை போவதில்லை.

கூத்து வைக்கும் ஊர் என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

மேடு பள்ளமும் கல்லும் முள்ளும் இல்லாத மண் தரை வேண்டும். சிமெண்டுத் தரையில் விடிய விடிய ஆடினால் முழங்கால் போய்விடும். வேஷம் கட்ட நல்ல வெளிச்சமும் தண்ணீரும் உள்ள மறைவான இடம், பெண் கலைஞர்கள் வந்தால் பூட்டுள்ள தனி அறை, கழிப்பறை. காவல் நிலைய ஒப்புதலின் நகல் எங்கள் கையில் ஒன்று இருக்க வேண்டும். குடித்துவிட்டு ஆட்டக் களத்தில் நுழைகிறவர்களைத் தடுக்க ஊரின் சார்பில் இரண்டு பேர் இரவு முழுவதும் பொறுப்பாக நிற்க வேண்டும். பகலில் தூங்க நிழலான இடம் கொடுத்தால் அடுத்த இரவு ஆட்டம் நன்றாக வரும். தலைவர் வந்த பிறகே தொடங்க வேண்டும் என்று பதினொன்றரை வரை எங்களைக் காக்க வைத்தால், விடியற்காலையில் கதையை வெட்ட நேரும். அதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். மீதித் தொகையைக் காலையில் வண்டி கிளம்புவதற்கு முன் கொடுத்துவிடுங்கள்.